சுடாமல் வென்றவர்

நிரோசன் எனக்கு ஒருநாளும் தொலைபேசி எடுப்பதில்லை. நாங்கள் கதைப்பதெல்லாம் விளையாட்டின் மைக்கில்தான். ஆகவே அன்று காலை, உடுப்பிட்டியில் என் பாமசியைத் திறந்த சிறிது நேரத்தில் கைபேசியில் அவனுடைய பெயர் தெரிந்தபோது, எடுப்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. “அக்கா, குகன் அண்ணை போயிட்டார்” என்றான். முன்னால் நின்ற பெரியவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் புறப்பட்டேன்.

செத்தவீட்டில் எல்லோரும் கப்பல் இஞ்சினியர் குகதாசனைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தெந்தத் துறைமுகங்களுக்குப் போனார், இராணுவம் பிடித்துவைத்திருந்த காணியை விட்ட உடனேயே வந்து பற்றை வெட்டி எப்படி வீட்டைக் கட்டினார், ஊரில் முதலாவதாக விளக்கேற்றியவர் அவர்தான் என்றெல்லாம். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என்னிடம் குகனுக்கு நீ என்ன முறை என்று கேட்டார். அவரோடு விளையாடுகிறவள் என்றேன். பள்ளிக்கூடத்திலா என்று கேட்டார். இல்லை, கொம்பியூட்டரில் என்றேன். அந்த அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவர் குகன் அண்ணையின் மனைவி சுகந்தி அக்கா. “மற்றதெல்லாம் எழுத ஆக்கள் இருக்கினம். உந்த விளையாட்டை நீர்தான் எழுதோணும்” என்றார். அவரை மகனாக, மருமகனாக, அயலவராக அறிந்த உங்களுக்கு, அவர் தன் கடைசி ஆண்டுகளில் யாராக இருந்தார் என்பதை நானும் என்னால் இயன்ற மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்ல வேண்டும். இணையத்தில் மூன்று பேர் ஓர் அணி, எதிரே இன்னும் மூன்று பேர். ஒவ்வொருவரும் மாடி வீட்டளவு உயரமான, நடக்கும் போர் இயந்திரம் ஒன்றுக்குள் இருந்து அதை ஓட்டுகிறோம். நாங்கள் அதை றோபோ என்றே சொல்வோம். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்த வேண்டும். முழு அணியும் விழுந்தால் தோல்வி. எனக்கு அதைப் பழக்கியவன் கனடாவில் இருக்கும் என் தம்பி. தொலைபேசியில் கதைக்க நேரமில்லை, விளையாடிக்கொண்டே கதைக்கலாம் என்று இழுத்துவிட்டான். பிறகு அவனுக்குக் குழந்தை பிறந்தது. அவன் விட்டுவிட்டான், நான் விடவில்லை. பின்னேரங்களில் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒருநாள், விளையாட்டே சேர்த்துவிட்ட ஓர் அணியில் ஒருவர் நிதானமான ஆங்கிலத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒரு சந்துக்குள் தனியாகப் போனேன். மைக்கை மூட மறந்தவராக அவர் தனக்குள் தமிழில் சொன்னது கேட்டது: “உவன் எங்கை தனியப் போறான்?”

“உவன் இல்லை, உவள்” என்றேன்.

பிறகு அவர் சிரித்த சிரிப்பு, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்த ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் காங்கேசன்துறையில் ஒருவரும் உடுப்பிட்டியில் ஒருத்தியும் இருந்துகொண்டு, எங்கோ இருக்கும் கணினி ஒன்றின் வழியாகச் சந்தித்தோம் என்பதில் இரண்டு பேருக்குமே சந்தோசம்.

குகன் அண்ணை எனக்குச் சொல்லித் தந்த முதல் விசயம் சூட்டைப் பற்றியது. சுடச் சுட றோபோவின் உடம்பு சூடேறும். அளவு கடந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும்; நின்றால் எதிரிக்கு வேலை சுலபம். நான் பயத்தில் இருக்கிற எல்லாத் துவக்குகளையும் ஒன்றாக அமத்துகிறவள். அவரோ வாழ்நாளில் பெரும்பகுதியைக் கப்பலின் இயந்திர அறையில் வெப்பமானியைப் பார்த்துக் கழித்தவர். “சுடுறது ஆருக்கும் ஏலும். சுடாமல் நிக்கிறதுதான் பழகோணும்” என்பார். முழு ஆட்டத்திலும் எந்த எதிரியையும் பார்க்காதே, உன் சூட்டை மட்டும் பார் என்று ஒரு கிழமை முழுவதும் என்னை விளையாடச் சொன்னார். விசர் வேலை என்று நினைத்தேன். அந்தக் கிழமையில்தான் முதன்முறையாக என் றோபோ கடைசிவரை நின்று பிடித்தது.

மூன்றாமவன் நிரோசன். கொழும்புத்துறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். அவன் மைக்கைப் போட்டால் பின்னால் ஏதாவது ஓர் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். எங்கள் மூவரிலும் அவன்தான் குறி தவறாதவன். கண் மூடித் திறப்பதற்குள் சுடுவான். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அறுத்துக்கொண்ட கன்று போல ஓடிவிடுவான். நாங்கள் போய்ச் சேரும்போது அவனுடைய றோபோ எரிந்துகொண்டிருக்கும். தோற்றதும் கோபத்தில் இரண்டு ஆமைகளோடு தன்னைக் கட்டிவிட்டிருக்கிறது என்பான்.

குகன் அண்ணை அவனை ஏசியதை நான் கேட்டதில்லை. பதிவாகியிருக்கும் ஆட்டங்களை மூவரும் சேர்ந்திருந்து திரும்பப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். “செத்த இடத்தைப் பாராதை. அதுக்கு முதல் எங்கை நிண்டனி எண்டு பார்” என்பார். அப்படிப் பார்த்தபோது, நிரோசன் விழுந்த ஒவ்வொரு முறையும் எங்கள் இரண்டு பேருடைய பார்வைக்கும் அப்பால் நின்றிருந்தான் என்பது அவனுக்கே தெரிந்தது. ஒருவரும் அவனைக் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து மூவரில் மெதுவாக நடக்கும் றோபோவின் வேகமே அணியின் வேகம் என்று வைத்துக்கொண்டோம். மூன்று பேரும் ஒரே எதிரியைச் சுடுவது, அடி வாங்கியவர் பின்னுக்குப் போக மற்றவர் முன்னுக்கு வருவது என்று பழகினோம். தோல்விகள் குறையத் தொடங்கின.

பதிவுகள் அவரையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் நிரோசன் தயங்கித் தயங்கி, அண்ணை அதிகம் கதைப்பதால் எதிரியின் காலடிச் சத்தம் தனக்குக் கேட்பதில்லை என்றான். அவர் அந்தப் பதிவை இன்னொருமுறை போட்டு, தன் குரலைத் தானே முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, அது உண்மைதான் என்றார். அடுத்த நாள் ஒரு புதிய ஒழுங்கு கொண்டுவந்தார். முதலில் இடம், பிறகு ஆள், அதோடு வாயை மூட வேண்டும். “கண்டதைச் சொல்லுங்கோ. நினைச்சதைச் சொல்லாதேங்கோ.” அந்த ஒழுங்குக்கு முதலில் கட்டுப்பட்டவரும் அவர்தான். இரண்டு அறிக்கைகளுக்கு இடையே அவருடைய வீட்டு யன்னலால் வரும் கடற்காற்று மட்டும் கேட்கும்.

அவரைக் கொண்டுபோன வருத்தத்தின் முதல் அடையாளத்தைக் கண்டதும் நிரோசன்தான். அண்ணையின் குறி பிந்துகிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னான். எதிரி கடந்துபோன பிறகே அவருடைய துவக்கு வெடிக்கிறது. வயது என்றேன் நான். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், விளையாடத் தொடங்கு முன்னர், கொழும்பில் நரம்பு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எழுதிக் கொடுத்த மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, அது என் கடையில் இருக்குமா என்று கேட்டார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அந்த மருந்து ஒரேயொரு வருத்தத்துக்குத்தான் கொடுப்பது. தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து போகும். கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும்.

நிரோசனும் நானும் அடுத்த நாளே காங்கேசன்துறைக்குப் போனோம். நாங்கள் மூவரும் முதன்முதலாக நேரில் சந்தித்தது அன்றுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அவ்வளவு காலமும் சந்திக்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. குரலை வைத்து நான் உயரமான ஒருவரை நினைத்திருந்தேன். அவர் கட்டையாக, தலை நரைத்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். நிரோசன் முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் போனபோது அவர் என்னிடம் கேட்டார்.

“தங்கச்சி, உமக்குத் தெரியும். ஒளிக்காமல் சொல்லும். மற்றக் கையும் போகுமோ?”

“ஓம் அண்ணை” என்றேன். “அது எப்ப எண்டு ஒருத்தராலும் சொல்லேலாது. ஆனால் போகும்.”

அவர் தலையை ஆட்டினார். சொல்லியனுப்பிய மருந்து வந்துவிட்டது என்று கேட்டவரைப் போல அவ்வளவு சாதாரணமாகத் தலையை ஆட்டினார். வைத்தியர் உட்பட எல்லோரும் சுற்றி வளைத்துத்தான் கதைக்கிறார்கள் என்றும், எனக்கு நன்றி என்றும் சொன்னார்.

சுகந்தி அக்கா தேத்தண்ணி தந்தார், ஆனால் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. புறப்படும்போது வாசல் படலையடியில் வைத்துக் கேட்டார்: “ஏலாத மனுசனை உதிலை இருத்தி வைச்சு ஏன் வருத்துறியள்?” அவருடைய பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான கேள்விதான். கலியாணம் செய்த நாளிலிருந்து கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு இருந்தவர். குகன் அண்ணை கரைக்கு வந்துசேர்ந்த பிறகும் ஓர் அறைக்குள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வேறெங்கோ போய்விடுகிறார். இப்போது மிச்சமிருக்கும் காலமும் அதற்குள்ளேயே போகப் பார்க்கிறது. பின்னால் வந்து நின்ற குகன் அண்ணை, தாழ்ந்த குரலில், “சுகந்தி, எனக்கு ஒரு வேலை வேணும்” என்றார். அக்கா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்போது ஒரு போட்டி வரவிருந்தது. இங்கும் வெளிநாடுகளிலும் இருக்கும் தமிழ் விளையாட்டுக்காரர் சேர்ந்து நடத்துவது. நாங்கள் முதன்முறையாகப் பெயர் கொடுத்திருந்தோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் எங்களைக் கூப்பிட்டு, கடைசியாகத் தோற்ற ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் நிறுத்தி, “உதிலை நான் பிந்திட்டன்” என்றார். சுயஇரக்கத்தின் சாயல்கூட அந்தக் குரலில் இருக்கவில்லை. தனக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

நிரோசன் சொன்னான்: “நீங்கள் இல்லாட்டி நானும் இல்லை அண்ணை. நான் விடுறன்.”

“உதுதானடா தனிய ஓடுறது” என்றார் அவர்.

நிரோசன் மைக்கை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். விளையாட்டுக்குள் வந்திருப்பதைக் காட்டும் பச்சை, இரண்டு நாட்களாகத் திரையில் அவனுடைய பெயரில் எரியவில்லை. மூன்றாம் நாள் வந்தான், வரும்போதே ஒரு திட்டத்தோடு வந்தான். விளையாட்டில் யாரும் எடுக்காத ஒரு றோபோ இருக்கிறது. இருப்பவற்றில் மிகச் சிறியது. இரண்டு அடி விழுந்தால் முடிந்துவிடும். துவக்கு இருந்தும் பெரிதாகப் பயனில்லை. ஆனால் ஒளிந்திருந்து எதிரியைக் குறியிட்டுக் காட்டும். அது குறியிட்டால், சுவருக்குப் பின்னால் நிற்பவனையும் மற்ற இருவரும் காணலாம். ஒரேயொரு பொத்தான் போதும், அதை இடது கையால் அமத்தலாம். “நீங்கள் சுடத் தேவையில்லை அண்ணை. நாங்கள் சுடுறம். நீங்கள் எங்களுக்குக் காட்டுங்கோ.”

யாருக்காகவும் நிற்காத அந்தப் பொடியன் இரண்டு நாட்களாக உட்கார்ந்து யோசித்தது இதைத்தான்.

எப்போதும் முன்னுக்கு நின்று அடி வாங்கிய எங்கள் கப்டன், பெரிய கப்பலைக் கொடுத்துவிட்டுக் கட்டுமரத்தில் ஏறுகிறேன் என்று சிரித்துக்கொண்டே அந்தச் சின்ன றோபோவில் ஏறினார். முதலில் எல்லாம் பிழைத்தது. ஒளிந்திருக்கப் பொறுமை வேண்டும். எங்களுக்கு அடி விழும்போது பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அவருக்கு அது கையிழந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் விளையாட்டுக் களத்தின் ஒவ்வொரு மூலையையும் மனதில் வைத்திருந்தவர். எதிரி எந்த வழியால் வருவான் என்று வருமுன்பே போய் இருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் திடீரென்று கண் திறந்தது போல இருந்தது.

பிறகு இடது கையும் தளர்ந்தது. ஒரு பயிற்சி ஆட்டத்தின் நடுவில் குறிகள் வருவது நின்றுபோனது. அவர் “கிழக்குச் சுவர், ஒருத்தன்” என்று வாயால் சொன்னார், ஆனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது மைக்கில் சுகந்தி அக்காவின் குரல் கேட்டது. “எந்தப் பொத்தான்?” என்று கேட்டார். அவர் சொன்னார். எதிரியின் தலைக்கு மேல் சிவப்புக் குறி எழுந்தது. நிரோசனும் நானும் சுட்டோம். அக்கா எழுந்து போகவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சின்ன றோபோவை இரண்டு பேர் ஓட்டினார்கள். முதலில் அவர் சொல்லச் சொல்ல அக்கா அமத்தினார். போகப் போக அவர் சொல்லுமுன்பே கண்டுபிடித்தார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “கப்பல்லை இவர் எப்பிடி இருந்திருப்பார் எண்டு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது.” இத்தனை வருசமும் பயண முடிவில் களைத்து வரும் ஆளை மட்டும்தான் தான் கண்டதாகவும், ஆட்களை வைத்து வேலை வாங்கும்போது அவர் இவ்வளவு பொறுமையானவர் என்று யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

போட்டி நாளன்று எதிரணி லண்டனில் இருந்து. மூன்று பேரும் எங்களைவிட எல்லா விதத்திலும் கெட்டிக்காரர். அவர்களில் இருவரை எப்படியோ வீழ்த்தினோம். அதற்குள் என் றோபோவும் எரிந்துவிட்டது. மிச்சமிருந்தது நிரோசனும் சின்ன றோபோவும். நிரோசனின் இயந்திரம் சூடேறி, இன்னொருமுறை சுட்டால் நின்றுவிடும் நிலையில் ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தது. எதிரி அதே சுவரின் மறுபக்கம் நடந்து வருகிறான். குகன் அண்ணையின் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. அவர் ஏதோ சொன்னார், எங்களுக்கு விளங்கவில்லை.

“பொறுக்கட்டாம்” என்றார் சுகந்தி அக்கா.

பழைய நிரோசன் என்றால் பாய்ந்திருப்பான். அவன் நின்றான். எதிரி சுவரின் முனைக்கு வந்தான், கடந்தான், முதுகைக் காட்டினான். நிரோசன் அப்போதும் சுடவில்லை. சூடு இறங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் குகன் அண்ணையின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவருடைய வாயிலிருந்து தெளிவாக ஒரு சொல் வந்தது. அதை யாரும் எங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இப்ப.”

அந்த ஆட்டத்தை வென்றோம். அடுத்த சுற்றில் ரொறன்ரோ அணியொன்று எங்களைத் துவைத்துக் காயப்போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அவருக்குப் பிடிக்காது. தோற்ற கையோடு பதிவைப் போடச் சொல்லி அக்காவிடம் கேட்டார். வென்ற ஆட்டத்தைப் பார்ப்போம் என்று நிரோசன் கெஞ்சினான். அதில் படிக்க ஒன்றும் இல்லை என்பது அவருடைய முடிவு.

பேச்சு முழுதாக நின்ற பிறகு நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அறைக்கே போய் விளையாடினோம். கட்டிலைத் திரைக்கு நேரே திருப்பிப் போட்டிருந்தார்கள். அக்கா அவருடைய கண்ணைப் பார்ப்பார், பிறகு பொத்தானை அமத்துவார். கடைசிக் கிழமைகளில் மூச்சுக்கே அவர் பாடுபட்டார். நிரோசன் தொலைபேசி எடுத்த அந்தக் காலை, அக்கா பக்கத்தில் இருக்க, போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த ஞாயிறு, குகன் அண்ணையின் பெயர் திரையில் பச்சையாகத் தெரிந்தது. “ஒரு ஆட்டம் போடுவமோ?” என்று அக்கா கேட்டார். போட்டோம். யாரும் அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குறிகள் சரியான இடத்தில் விழுந்தன.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதித்தான் இதை முடிக்க வேண்டும். சூடும் குறியும் இல்லை, அவை விளையாட்டோடு போய்விடும். இந்த விளையாட்டில் நம் றோபோ விழுந்துவிட்டால், உயிரோடு இருப்பவரின் திரையை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவார்கள், நானும்தான். குகன் அண்ணை முதலில் விழுந்த ஆட்டங்களிலும் ஒருநாள்கூட எழுந்து போகவில்லை. இனித் தன்னால் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்தும், புத்தி சொல்லாமல், அவசரப்படுத்தாமல், எங்கள் ஆட்டம் முடியும்வரை கூடவே இருப்பார்.

என் கடைக்கு, இனி எந்த மருந்தாலும் பெரிய பயனில்லை என்ற நிலையில் இருப்பவர்களின் வீட்டார் வருவார்கள். மருந்துத் துண்டைத் தந்துவிட்டு, மருந்தை வாங்கிய பிறகும் போகாமல் நிற்பார்கள். முன்பெல்லாம் நான் அடுத்த ஆளைப் பார்ப்பேன். இப்போது உள்ளே இருந்து ஒரு கதிரையை எடுத்துப் போட்டு அவர்களை இருக்கச் சொல்கிறேன். நானும் பக்கத்தில் இருக்கிறேன்.